நெல்லைச் சீமையில் வம்சாவளி தேடுவது: கொடை வரி நோட்டு முதல் மூலப்பத்திரம் வரை

பினாங்கு, சிங்கப்பூர்ப் பக்கம் பிழைக்கப் போய்வந்தவர்கள் சீனர்களின் குல மண்டபங்களைப் பார்த்திருப்பார்கள். ஜார்ஜ் டவுனில் இருக்கிற கூ கோங்சி பெயர்பெற்ற ஒன்று. அந்த மாதிரிக் குலங்களுக்கு வம்சாவளி நூல் உண்டு. சில தலைமுறைக்கு ஒருமுறை எல்லாரும் கூடித் திருத்தி அச்சிடுவார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஓர் எழுத்து முன்கூட்டியே குறித்திருக்கும். அந்தத் தலைமுறையில் பிறந்த ஆண்பிள்ளைகள் பெயரில் அது சேர்ந்துவரும். பெயரைச் சொன்னாலே எத்தனையாவது தலைமுறை என்று தெரிந்துவிடும்.

நம் பக்கம் அப்படி ஒரே புத்தகம் கிடையாது. ஜமீன் வீடுகள், கோயில் உரிமை உள்ள சில குடும்பங்கள் தவிர, வம்சாவளியை யாரும் உட்கார்ந்து எழுதி வைக்கவில்லை. ஆனால் தாளுக்குப் பஞ்சமில்லை. கோயில் கொடைக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்கு, வரி பிரித்த நோட்டு, கிரயப் பத்திரம், ஊர்க் கணக்கரான கர்ணம் எழுதிய கணக்கு, ஞானஸ்நானப் பதிவேடு, பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு என்று சிதறிக் கிடக்கின்றன. இவற்றில் ஒன்றுகூட நம் முன்னோர் யார் என்று சொல்வதற்காக எழுதப்பட்டதில்லை. ஆகவே எந்தத் தாள் கைக்கு வந்தாலும் இதை யார், எதற்காக எழுதினார் என்று முதலில் கேட்க வேண்டும். அந்தக் காரியத்துக்குத் தேவையான தகவல் சரியாக இருக்கும், மற்றதெல்லாம் ஏனோதானோதான். பத்திரத்தில் தகப்பனார் பெயரும் நிலத்தின் எல்லையும் சரியாக இருக்கும், வயசு குத்துமதிப்பு. பள்ளிப் பதிவேட்டில் தகப்பனார் பெயர் சரி, பிறந்த தேதி வாத்தியார் போட்டது. தலைக்கு மேலே கையை வளைத்துக் காதைத் தொட்டால் அஞ்சு வயசு என்று கணக்கிட்டு, ஜூன் மாதச் சேர்க்கைக்குத் தோதாக ஒரு தேதியை எழுதிக்கொண்ட காலம் அது.

இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிடலாம். தேடல் எப்போதும் இன்றிலிருந்து பின்னோக்கித்தான் போக வேண்டும். ‘நாங்க இன்ன ராஜா வம்சம்’ என்று மேலிருந்து தொடங்கினால், நூறு வருஷத்துக்கு முன் அச்சான குல வரலாற்று நூல்களில் போய் விழுவோம். அவை அந்தக் காலத்துச் சாதிச் சங்கங்கள் பெருமை பேச எழுதியவை. உங்கள் பூட்டன் பெயர் அதில் இருக்காது.

வீட்டில் கேட்கவேண்டியது

வயதில் மூத்தவர்களிடம் போகும்போது ‘நம்ம வம்சத்தைச் சொல்லுங்க’ என்று கேட்டால் ஒன்றும் வராது. ‘ஆச்சி, உங்க கல்யாணத்துக்கு யார் யார் எந்த ஊர்லேர்ந்து வந்தாங்க?’, ‘பாட்டையா செத்தப்போ எந்தெந்த ஊருக்குக் கேதம் சொல்ல ஆள் போச்சு?’ என்று கேளுங்கள். கேதம் சொல்லிவிடும் ஊர்ப் பட்டியல்தான் அந்த வீட்டின் உறவு வட்டம். தீட்டுக் காத்தவர்கள் யார் என்று கேட்டால் சொக்காரர்கள், அதாவது பங்காளிகள், தனியே பிரிந்து வந்துவிடுவார்கள். சம்பந்தக்காரர்களுக்குத் தீட்டு கிடையாது.

ஆச்சிமாரிடம் ஒரு சங்கடம் உண்டு. பழைய தலைமுறைப் பெண்கள் புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்ல மாட்டார்கள். மாமனார் பெயரைப் பேரனுக்கு வைத்திருந்தால் அவனைக்கூட ‘பெரியவன்’, ‘ராசா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மறந்துவிட்டார்கள் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். நீங்களே நாலைந்து பெயர் சொல்லித் தலையாட்டச் சொல்லலாம், அல்லது அவர்கள் நாத்தனாரிடம் கேட்கலாம். நாத்தனாருக்கு அது அப்பா பெயர், தாராளமாகச் சொல்வார்.

வீட்டுப் பரண், டிரங்குப் பெட்டி, அரிசிப் பானைக்குப் பின்னால் இருக்கும் தகர டப்பா ஆகியவற்றில் தேட வேண்டியவை: மொய் நோட்டு, பழைய கல்யாணப் பத்திரிகை, ஜாதகம், நிலத் தீர்வை ரசீது, ரேஷன் கார்டு, பாஸ்போர்ட். மொய் நோட்டை லேசாக நினைக்கக் கூடாது. பெயருக்கு முன்னால் ஊர் எழுதியிருக்கும், யார் எவ்வளவு செய்தார் என்றும் இருக்கும். ஒரே ஊரிலிருந்து வழக்கத்துக்கு மேல் பெரிய தொகை வந்திருந்தால் அது தாய்மாமன் வீடாகவோ பெண் கொடுத்த வீடாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். கல்யாணப் பத்திரிகையில் ‘இன்னார் பேரனும்’ என்ற வரி ஒரேயடியாக இரண்டு தலைமுறை மேலே ஏற்றிவிடும்.

குலதெய்வம் ஊரைச் சொல்லும்

பங்குனி உத்திரத்துக்கு நெல்லை, தூத்துக்குடி, தென்காசிச் சீமை முழுக்க, அய்யனார் என்றும் சொல்லும் சாஸ்தா கோயிலுக்குப் போகிறது. வழக்கில் சைவமோ வைணவமோ, இருக்கிறது சென்னையோ பம்பாயோ, அன்றைக்கு ஒரு கோயிலில் போய் நிற்பவர்கள் பெரும்பாலும் ஒரு காலத்தில் அந்தக் கோயிலைச் சுற்றி இருந்தவர்கள். ஆகவே ‘எங்க சாஸ்தா எது’ என்ற கேள்விக்கு விடை தெரிந்தால் தேடவேண்டிய வட்டாரம் கிடைத்துவிட்டது. தெரியாதவர்கள் வீட்டில் திரும்பத் திரும்ப வரும் பெயரைப் பார்க்கலாம். கற்குவேல் என்ற பெயர் மூன்று தலைமுறையாக வந்தால் தேரிக்குடியிருப்புக் கற்குவேல் அய்யனாரிடம் போய்க் கேளுங்கள். அருஞ்சுனை என்று வந்தால் திருச்செந்தூர்ப் பக்கத்து அருஞ்சுனை காத்த அய்யனார். சொரிமுத்து, பட்டவராயன் என்றால் காரையாறு சொரிமுத்து அய்யனார். மாடசாமி, இசக்கி, பேச்சி எல்லாம் உதவாது, ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

கோயில் கிடைத்தாலும் அது தாய்க்கோயில்தானா என்று பார்க்க வேண்டும். குடிபெயர்ந்தவர்கள் பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண், அதாவது பிடிமண், எடுத்து வந்து புது ஊரில் பீடம் போடுவது நம் பக்கத்து வழக்கம். பூசாரியிடமோ சாமியாடும் கோமரத்தாடியிடமோ ‘பிடிமண் எங்கேர்ந்து எடுத்தது?’ என்று கேட்டால் முந்தைய ஊர் தெரியும். அங்கே போய் அதே கேள்வியைக் கேளுங்கள். சில குடும்பங்களில் இப்படி இரண்டு, மூன்று தாவல் பின்னோக்கிப் போக முடிகிறது. கொடையில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் நடக்கும்போது தெய்வத்தின் வரத்துப் பாடுவார்கள், எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வழியாக வந்தது என்று வரும். தெய்வம் வந்த வழி பல நேரம் குடி வந்த வழி. ஆனால் இதைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஆதாரமாக எழுதாதீர்கள். பாடுகிறவர் ஊருக்குத் தக்கபடி சேர்ப்பார், விடுவார்.

கோயிலில் கிடைக்கும் சரக்கில் உயர்ந்தது வரி நோட்டு. கொடைக்கு வரி தலைக்கட்டுக் கணக்கில் பிரிப்பார்கள். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. சில ஊரில் விதவைக்கு அரை வரி, சில ஊரில் வரியே கிடையாது. இந்த விதியை முதலில் அந்த ஊர் வரிதாரர்களிடம் கேட்டுக்கொண்டு பிறகு நோட்டைப் பிரியுங்கள். உதாரணமாக, 1958 கொடை நோட்டில் சுடலைமுத்து மட்டும் இருக்கிறார் என்று வையுங்கள். 1961 நோட்டில் சுடலைமுத்துவும், அவருக்கு அடுத்த வரியில் சு. மாடசாமியும் இருக்கிறார்கள். இடையில் மாடசாமிக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது. 1967-ல் சுடலைமுத்து பெயரைக் காணோம், அந்த இடத்தில் அவர் மனைவி பெயருக்கு எதிரே அரை வரி. சுடலைமுத்து காலமான இடைவெளி இது. நாலைந்து நோட்டுகளை வரிசையாக வைத்து இப்படிப் படித்தால், கல்யாணத் தேதியோ சாவுத் தேதியோ எழுதாத நோட்டுகளிலிருந்தே கல்யாணம், சாவு, பாகம் பிரிந்தது, ஊரைவிட்டுப் போனது எல்லாம் தெரியும். பெயர்கள் எழுதப்படும் வரிசையையும் மாற்றாமல் அப்படியே படியெடுங்கள். பெரும்பாலும் வகையறா வகையறாவாகத்தான் எழுதுவார்கள், மூத்த வகையறா முதலில் வரும். அகர வரிசைக்கு மாற்றினால் அந்தச் செய்தி போயிற்று.

வரி நோட்டு பெண்களைச் சொல்லாது. அதற்கு வேறு வழி வேண்டும். கொண்டையங்கோட்டை மறவர் போன்ற சிலரிடம் கிளை என்ற உட்பிரிவு தாய்வழியில் இறங்குவதால், ‘என்ன கிளை’ என்று கேட்டால் அம்மாவைப் பெற்ற ஆச்சி, அவளைப் பெற்றவள் என்று பெண்வழி தெரியும். குலதெய்வம் தகப்பன்வழியிலும் கிளை தாய்வழியிலும் வருகிற குடும்பத்தில் இரண்டையும் கேட்டால் இரண்டு பக்கமும் ஏறலாம்.

காலக்கணக்கு

இதில்தான் பலர் வழுக்குகிறார்கள். நெல்லைப் பக்கத்து ஓலை, பழைய ஜாதகம், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திரம் இவற்றில் கொல்லம் ஆண்டு வரும். ஆவணியில் ஆண்டு பிறக்கும். ஆவணி முதல் மார்கழி முற்பகுதி வரை கொல்லத்தோடு 824 கூட்ட வேண்டும். மார்கழி பிற்பகுதி முதல் ஆடி வரை 825. எல்லாவற்றுக்கும் 825 கூட்டினால் வருஷத்தில் நாலு மாதத்துக்கு மேல் ஓராண்டு தவறும்.

பிரபவ, விபவ என்ற அறுபது வருஷப் பெயர் மட்டும் இருந்தால் எந்தச் சுற்று என்று தெரியாது. தாது வருஷம் 1816-லும் வந்தது, 1876-லும் 1936-லும் வந்தது. கூடவே கொல்லம் இருந்தால் சிக்கல் தீரும். ‘தாது ௵ கொல்லம் ௲௫௰௨ தை’ என்று ஒரு ஓலையில் இருக்கிறது என்று வையுங்கள். ௲ ஆயிரம், ௫௰ ஐம்பது, ௨ இரண்டு, ஆக 1052. தை மாதம், எனவே 825 கூட்ட 1877. தாது வருஷம் 1876 சித்திரை முதல் 1877 பங்குனி வரை. இரண்டும் பொருந்துகின்றன. பெரும் பஞ்சம் தொடங்கிய வருஷம் அது. அந்தத் தையில் நிலம் ஒத்திக்குப் போனதற்கும் குடும்பம் ஊரைவிட்டதற்கும் காரணம் தேடி அலைய வேண்டாம். இரண்டு கணக்கும் பொருந்தாவிட்டால் எண்ணைத் தப்பாகப் படித்திருக்கிறோம், அல்லது பிற்காலத்தில் படியெடுத்தவர் பிசகியிருக்கிறார்.

எண்களைப் படிப்பதில் வரும் பிசகு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். வயசுக்கு நேரே ‘அ’ போல் இருப்பது ௮, அதாவது எட்டு. ‘எ’ போல் இருப்பது ஏழு. ‘சு’ போல் இருப்பது ஆறு, ‘ரு’ போல் இருப்பது ஐந்து. ௳ என்பது தேதி, ௴ மாதம், ௵ வருஷம், ௸ மேற்படி. மேற்படியைத் தெரியாமல் தாண்டினால் யாருடைய மகன் என்பதே மாறிப்போகும். அது முந்தின ஆளைக் குறிக்கிறதா, முந்தின ஊரையா என்று வரியை மேலே போய்ப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

ஓலையில் புள்ளி இருக்காது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் தெரியாது. ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும். ஆகவே ஒரு பெயரை முதல் பார்வையில் முடிவுசெய்யாமல், அதே ஓலையில் அந்தப் பெயர் வரும் எல்லா இடத்தையும் ஒப்பிடுங்கள். ஓலைக்கட்டை அவிழ்க்கும் முன் இருக்கிற வரிசையிலேயே படமெடுங்கள். ஏட்டெண் இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் இருக்கும், ஆனால் முன்னோர் யாராவது மாற்றிக் கோத்திருந்தால் அந்தத் தவறான வரிசையும் ஒரு தடயம். விளக்கை மேலிருந்து பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ வைத்தால் எழுத்தாணிக் கீறல் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். எழுத்துத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தூள், மஞ்சள் பூசுவது வேண்டாம்.

பத்திரம்

வம்சாவளிக்கு மிகப் பலமான தாள் பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பி எல்லாரும் 1-வது நபர், 2-வது நபர் என்று வரிசையாக நிற்பார்கள். தகப்பனார் பெயர், அவர் காலமானது, சொத்து பிதுரார்ஜிதமா (முன்னோர் வழி வந்ததா) சுயார்ஜிதமா (தானே சம்பாதித்ததா) என்ற விவரம் முகவுரையில் வரும். பிதுரார்ஜிதம் என்றால் பாட்டனார் பெயரும் பெரும்பாலும் வந்துவிடும். மைனர் பிள்ளைகளுக்குத் தாயார் கார்டியனாகக் கையெழுத்துப் போட்டிருந்தால், காலமான மகனின் மனைவி பெயரும் கிடைத்தது.

கண்டுபிடிக்கும் வழி இது. கையில் இருக்கிற புதிய பத்திரத்திலிருந்து தொடங்குங்கள். ‘எனக்கு இன்ன வருஷத்து இன்ன நம்பர் பத்திரப்படி பாத்தியப்பட்ட’ என்று ஒரு வரி இருக்கும். அந்த நம்பருக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்டால் அதில் இன்னொரு பழைய நம்பர் இருக்கும். இப்படியே பின்னோக்கி மூலப்பத்திரம் வரை போகலாம். வில்லங்கச் சான்று இணையத்தில் பெரும்பாலும் 1975-லிருந்துதான் கிடைக்கிறது. அதற்கு முந்தியதற்கு அலுவலகத்தில் கைத்தேடல் மனு கொடுக்க வேண்டும். அட்டவணை இரண்டு வகை, ஒன்று ஆட்பெயர்ப்படி, மற்றது சொத்துப்படி. பெயர் அட்டவணையில் ஒரு ஊருக்கு முப்பது மாடசாமி வருவார்கள். சர்வே எண்ணைக் கொடுத்துச் சொத்து அட்டவணையில் தேடச் சொல்லுங்கள். கிராமம் இப்போது ஒரு சார்பதிவகத்தில் இருந்தாலும் முன்பு வேறொன்றில் இருந்திருக்கலாம். ‘பதிவு இல்லை’ என்று பதில் வந்தால் அந்த ஆண்டுகளில் கிராமம் எந்த அலுவலக எல்லையில் இருந்தது என்று முதலில் கேளுங்கள்.

பத்திரத்தில் எல்லாரும் பார்ப்பது முதல் பக்கம். வம்சாவளி தேடுகிறவர் பார்க்க வேண்டியது நான்கு எல்லையைச் சொல்லும் சக்குபந்தியும் கடைசிப் பக்கமும். ‘கிழக்கே சங்கரலிங்கம் பாகம், வடக்கே ஐயாத்துரை பாகம்’ என்று இருந்தால் அந்த இருவரும் ஒரு காலத்துப் பங்காளிகள். ஒரே நிலம் துண்டானதால்தான் அடுத்தடுத்து நிற்கிறார்கள். அவர்களுடைய பத்திரங்களையும் எடுத்தால், உங்கள் வீட்டுப் பத்திரம் தொலைந்திருந்தாலும், பொதுப் பாட்டனார் அந்தப் பக்கத்திலிருந்து கிடைப்பார். கடைசிப் பக்கத்துச் சாட்சிக் கையெழுத்தில் மைத்துனர், மாமனார் இருப்பது வழக்கம். பதிவாளர் முன்னிலையில் ஆள் அடையாளம் காட்டியவர் பெயரும் தகப்பன் பெயரோடு பின்பக்கம் இருக்கும்.

பெண்பிள்ளைகள் பழைய பாகப்பிரிவினையில் இருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு 1989 மார்ச் 25 முதல்தான். ஆகவே பத்திரத்தில் மூன்று மகன் இருந்தால் பிள்ளைகள் மூன்றுதான் என்று எழுதிவிடாதீர்கள். மகள்களைத் தேட வேண்டிய இடம் மஞ்சள்காணி என்று மகளுக்குச் சீதனமாக நிலம் கொடுத்த தான செட்டில்மெண்டும், பங்கை விட்டுக்கொடுக்கும் பிற்கால விடுதலைப் பத்திரமும். நிலத்தை விற்கும்போது வாங்குகிறவர் பயந்து அத்தைமார் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கியிருப்பார். ஒரே தாளில் எல்லா மகள்களும், அவர்கள் வாழ்க்கைப்பட்ட ஊரும் வந்துவிடும்.

சொத்துத் தகராறு நடந்த குடும்பம் என்றால் ஒரு வகையில் அதிர்ஷ்டம். பாகம் கேட்டுப் போட்ட வழக்கில் பிராதோடு (வழக்கு மனுவோடு) வம்சாவளிப் பட்டியல் இணைப்பது நடைமுறை. எதிர்த்தரப்பு மறுக்காத கிளைகள் உறுதியானவை, மறுத்த கிளையைத்தான் நீங்கள் தனியே சோதிக்க வேண்டும். பரம்பரை அறங்காவலர் உரிமை கேட்டு அறநிலையத் துறையில் அதன் சட்டத்தின் 63(பி) பிரிவில் நடந்த மனுக்களிலும் இதே மாதிரிப் பட்டியல் இருக்கும்.

வருவாய்க் கணக்கும் பிறப்பு இறப்பும்

கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் ‘அ’ பதிவேட்டில் பட்டாதாரர் பெயர், தகப்பன் பெயர், பழைய சர்வே எண், புதிய சர்வே எண் எல்லாம் இருக்கும். 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். என்ற நில உடைமைப் பதிவு மேம்பாட்டு வேலையில் பட்டா பெயர்கள் புதுப்பிக்கப்பட்டன. அப்போது நிறையத் தப்பும் ஏறியது. அண்ணன் பெயரில் மட்டும் பட்டா, தகப்பன் பெயர் இடத்தில் தாத்தா பெயர் என்று இன்றைக்கும் வழக்கு நடக்கிறது. ஆகவே யூ.டி.ஆர். பதிவு மட்டும் வைத்து ஒரு தலைமுறையை ஏற்றாதீர்கள், முந்தைய நிலவரி செட்டில்மெண்ட் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். மானியமாக வந்த இனாம் நிலம் உள்ள குடும்பமானால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இனாம் பதிவேட்டைக் கேட்க வேண்டும். 1858-க்குப் பிறகு நடந்த இனாம் விசாரணையில் யார் யாருக்குப் பின் அனுபவித்தார்கள் என்று கேட்டு எழுதியதால் அதற்கும் முந்தைய தலைமுறைகள் அதில் இருக்கும்.

கர்ணம், கிராம முன்சீப் பதவிகள் 1980-ல் ஒழிந்தன. அதுவரை பிறப்பு இறப்புக் கணக்கு கிராமத்தில் அவர்கள் கைப்பட எழுதியது. சென்னை மாகாணத்துச் சட்டம் 1899-ல் வந்தாலும் எல்லா ஊரிலும் ஒழுங்காகப் பதிந்தார்கள் என்று சொல்ல முடியாது. பழைய கிராமப் பதிவேடுகளைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள், நகராட்சி ஊர்களுக்கு நகராட்சியில். குழந்தை பெயர் இருக்காது, ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்று மட்டும் இருக்கும். தகப்பன் பெயர், தாய் பெயர் கொண்டுதான் தேட முடியும், முன்னும் பின்னும் மூன்று வருஷம் சேர்த்துத் தேடச் சொல்லுங்கள்.

எந்த ஊர்க் கணக்கு எந்த அலுவலகத்தில் என்பதற்கு மாவட்டம் பிரிந்த கதை தெரிய வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் 1910-ல் இராமநாதபுரத்துக்குப் போயின. தூத்துக்குடி 1986-ல் பிரிந்தது, தென்காசி 2019-ல். புது மாவட்டத்துப் பழைய கோப்பு திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் பதிவறையிலேயே இருக்கக்கூடும், இரண்டு இடத்திலும் மனுப் போடுங்கள். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ச் சீமை. அந்த ஊர்க்காரர்கள் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்துக்குப் போகத்தான் வேண்டும், மலையாளம் படிக்கிற ஆளைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தேவாலயம், பள்ளிவாசல் பதிவேடுகள்

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை போவது மற்றவர்களைவிடச் சுலபம். பாளையங்கோட்டைச் சபையின் 1780-ஆம் வருஷத்துப் பட்டியலிலேயே 40 பேர் பெயர் உண்டு. தனிக் கிறிஸ்தவ ஊராக முதலூர் ஏற்பட்டது 1799-ல். பல சபைகள் சேர்ந்த சேகரத்தின் குருவிடம் ஞானஸ்நானம், திடப்படுத்தல், விவாகம், அடக்கம் ஆகிய நான்கு பதிவேட்டையும் பார்க்க அனுமதி கேளுங்கள். எந்தச் சபை எந்தச் சேகரத்தில் இருந்தது என்பது அடிக்கடி மாறியிருக்கிறது. சிறிய சபையின் பழைய பதிவேடு தாய்ச் சேகரத்தில் இருக்கும். 2003-ல் தூத்துக்குடி-நாசரேத் திருமண்டிலம் பிரிந்ததையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மதம் மாறிய தலைமுறையைப் பெரியவர்களின் ஞானஸ்நானப் பக்கத்தில் தேட வேண்டும். மதம் மாறும் முன் இருந்த பெயர் எழுதப்பட்டிருந்தால், ஞானமுத்து முன்பு யார் என்பது அந்த ஒரு கட்டத்தில் இருக்கும். அங்கிருந்து இந்துச் சொக்காரர்களின் வரி நோட்டுக்குத் தாவலாம்.

கடற்கரைக் கத்தோலிக்கப் பங்குகளில் பதிவு லத்தீனில் இருக்கலாம். பெத்ருஸ் என்று எழுதியவரை வீட்டில் இராயப்பன் என்று கூப்பிட்டிருப்பார்கள். பவுலுஸ் சின்னப்பன், யோவான்னெஸ் அருளப்பன், யோசேப்புஸ் சூசை. பர்னாந்து, கோஸ்தா, மோத்தா போன்ற பெயர்களைப் பார்த்து உறவு என்று முடிவுகட்டாதீர்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஞானஸ்நானத்தின்போது வந்த போர்த்துக்கீசப் பெயர்கள் அவை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத குடும்பங்களுக்கும் பர்னாந்து உண்டு.

காயல்பட்டினம், மேலப்பாளையம், கடையநல்லூர்க்காரர்கள் ஜமாத்தின் நிக்காஹ் தஃப்தரில், அதாவது கல்யாணப் பதிவேட்டில், தொடங்கலாம். மணமகன், மணமகள் இருவரின் தகப்பனார் பெயரும், வலீ (மணமகளின் பொறுப்பாளர்), சாட்சிகள் பெயரும் இருக்கும். அடக்கத்தலத்து மீசான் கல்லில் ஹிஜ்ரி ஆண்டு மட்டும் இருந்தால் 33-க்கு ஒன்று வீதம் குறைத்து, 622 கூட்டிப் பார்க்க வேண்டும், சந்திர ஆண்டு குட்டை.

கடல் தாண்டியவர்கள்

இலங்கையிலிருந்து 1964 ஒப்பந்தப்படி திரும்பியவர்களின் குடும்ப அட்டையிலும் அதற்கு முந்தைய குடியுரிமை மனுக்களிலும் சொந்த ஊர், தாலுகா எழுதியிருக்கும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயசு, சாதி, கிராமம், தாலுகா, ஜில்லா எல்லாம் உண்டு. வெளிநாட்டு உறவுகள் ஊரைத் தேடி எழுதும்போது டின்னவெல்லி ஜில்லா, பாளம்கோட்டா, டூட்டிக்கொரின் என்று வெள்ளைக்காரன் உச்சரிப்பில்தான் அனுப்புவார்கள். கிராமப் பெயர் இன்னும் மோசமாக உடைந்திருக்கும். வாய்விட்டுப் பலமுறை சொல்லிப் பார்த்து, அந்தத் தாலுகாவின் ‘குளம்’, ‘குறிச்சி’, ‘விளை’, ‘பட்டி’ எல்லாவற்றோடும் ஒப்பிடுவதுதான் வழி. குடியிருப்பு, புதூர் என்று மட்டும் இருந்தால் தாலுகா தெரியாமல் ஒன்றும் செய்ய முடியாது.

ஒட்டும் முன் சோதிப்பது

மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்றவர் பெயர் வைப்பதால் சுடலைமுத்து மகன் மாடசாமி, மாடசாமி மகன் சுடலைமுத்து என்று மாறி மாறி வரும். இரண்டு தலைமுறையை ஒன்றாக்குவதும், ஒருவரை இருவராக்குவதும் இங்கேதான் நடக்கிறது. 1889-ல் நிலம் வாங்கிய சுடலைமுத்துவும் 1951-ல் விற்ற சுடலைமுத்துவும் ஒரே ஆளாக இருப்பது அரிது. மனைவி பெயர், கையெழுத்தா ரேகையா கீறலா, பக்கத்து நிலத்துக்காரர் பெயர் இவற்றை ஒப்பிட்டால் பிரித்துவிடலாம். அண்ணன் தம்பி பிள்ளைகள் இருவருக்கும் தாத்தா பெயரே வைத்திருப்பார்கள். பட்டப்பெயர்தான் அங்கே கைகொடுக்கும்: கருத்த சுடலை, நெட்டைச் சுடலை. பட்டப்பெயர் மரியாதைக் குறைவு என்று விடாமல் தனிக் கட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு தகப்பன்-மகன் தொடர்பை ஏற்க, ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு தாள் வேண்டும். பத்திரமும் அதன் நகலும் ஒன்றுதான். பத்திரமும் வரி நோட்டும் இரண்டு. வாய்மொழி மட்டும் உள்ள தொடர்பைப் புள்ளிக்கோட்டில் போடுங்கள், ஆதாரம் வந்த பிறகு நேர்க்கோடாக்கலாம். தலைமுறைக்கு 25 முதல் 30 வருஷம் என்று கணக்கிட்டுப் பார்த்து, தகப்பனுக்கும் மகனுக்கும் இடையில் 50 வருஷம் விழுந்தால் நடுவில் ஒரு ஆள் விட்டுப்போனாரா, இரண்டாம் தாரத்துப் பிள்ளையா, சுவீகாரமா என்று கேளுங்கள். சுவீகாரம் என்றால் பெற்றவர் வழி, வளர்த்தவர் வழி இரண்டையும் எழுத வேண்டும். சொத்து ஒரு வழியில் போகும், கல்யாண முறை இரண்டையும் பார்க்கும். உயிரோடு இருக்கிறவர்களின் சுவீகாரம், இரண்டாம் தாரம் பற்றிய பக்கங்களைக் குடும்ப வாட்ஸாப்பில் போடாதீர்கள். கொடை வரிக் கூட்டத்தில் சண்டையாகிவிடும், பிறகு நோட்டைத் தர மாட்டார்கள்.

எழுதும்போது ஒவ்வொருவருக்கும் எண் கொடுங்கள். மூத்தவர் 1, அவர் பிள்ளைகள் 1.1, 1.2, பேரர்கள் 1.2.1 என்று போகட்டும், மகளுக்கும் அதே வரிசையில் எண். மேலே புது ஆள் கிடைத்தால் எல்லா எண்ணும் மாறும் என்பதால் முதலில் பென்சிலில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்குக் கீழேயும் ஆதாரம் எது, அது எந்த அலுவலகத்தில் அல்லது யார் வீட்டில், எந்தத் தேதியில் பார்த்தது என்று ஒரு வரி. சிறுவயதில் செத்த பிள்ளைகளையும் கல்யாணமாகாமல் போனவர்களையும் விடாதீர்கள், இசக்கிக்கோ மாடனுக்கோ பக்கத்தில் அவர்களுக்குத் தனிப் பீடம் இருக்கக்கூடும். முடிந்த வரைக்கும் உள்ள பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, இடதும் வலதும் நாலு விரல் ஓரம் விட்டு, அடுத்த பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குக் கொண்டுபோங்கள். பேனாவும் கொண்டுபோங்கள். படையல் முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது விரித்தால் நாலு பேராவது தப்புச் சொல்வார்கள். யார் சொன்னது என்ற பெயரோடு ஓரத்திலேயே எழுதிக்கொண்டு, அந்தத் திருத்தத்துக்கும் தாள் தேடத் தொடங்குங்கள்.